மதகு யாருடையது?

தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போய் மூன்று வாரம் நின்றேன். இலங்கையின் வன்னியில், ஏ9 வீதியிலிருந்து மேற்கே நெடுந்தூரம் உள்ளே போகவேண்டிய ஊர். நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் வெள்ளம் எங்கள் ஒழுங்கை மதகின் ஒரு கரையை அரித்துக்கொண்டு போயிருந்தது. உள்ளே இருந்த சீமெந்துக் குழாய் இரண்டாக உடைந்து, ஒரு துண்டு வயலுக்குள் சேறு நிரம்பிக் கிடந்தது. மேலே இரண்டு பனங்குற்றி போட்டிருந்தார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு போகலாம், ஓட்டோ வராது. அம்மாவுக்கு 78 வயது. கிளினிக் நாளில் யாராவது கையைப் பிடிக்க, அந்தக் குற்றிகளில் பக்கவாட்டாக அடியெடுத்து வைத்துத்தான் சந்திக்குப் போகிறார். நிற்கிற நாட்களுக்குள் இந்த மதகுக்கு ஒரு வழி பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறுவது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

முதலில் பிரதேச சபையின் உப அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு அறை, ஒரு வராந்தா, சுவரோரம் வாங்கு. சந்தியில் அப்பா கட்டிய சின்னக் கடைக்கு அம்மா அங்கேதான் சோலைவரி கட்டுகிறவர். கருமபீடத்தில் இருந்த தங்கச்சி பெயரைக் கேட்டதும், "ஆ, சந்திக் கடை அம்மாவின்ர மகனே? அம்மாவுக்கு இப்ப கால் வீக்கம் எப்பிடி?" என்றார். கார்பன் தாள் வைத்து ரசீது எழுதிக்கொண்டே கேட்டார். பிறகு வீதிப் பதிவேட்டை எடுத்து விரலால் தேடினார். எங்கள் ஒழுங்கை வைரவர் கோயிலடி வரைக்கும்தான் சபையின் பதிவில் இருந்தது. அதற்கு அங்கால் வாய்க்கால் கட்டு. மதகு சரியாக அந்த எல்லையில் இருந்தது.

அடுத்த மூன்று நாளும் அலைச்சல்தான். வாய்க்கால் என்றபடியால் கமநல சேவை நிலையத்தில் கேட்கச் சொன்னார்கள். அங்கே, வாய்க்காலில் பெரிய குளத்தின் நீர் வருகிறது என்பதால் நீர்ப்பாசனத் திணைக்களம் என்றார்கள். அங்கே போனால், தண்ணீர் எங்களுடையது, மேலே போகிற பாதை சபையுடையது என்றார்கள். ஒருவரும் கடுமையாகப் பேசவில்லை, கதிரை தந்து இருத்தித்தான் சொன்னார்கள். ஆனால் ஓட்டோவுக்குக் கொடுத்த காசு, அம்மா வருடம் முழுக்கக் கட்டுகிற வரியை விடக் கூட.

நான் இருப்பது இங்கிலாந்தில் சரே மாவட்டத்தில், எப்சம் பக்கம். அங்கேயும் இதே சிக்கல் உண்டு. குப்பை அள்ளுவது நகரசபை, வீதியின் குழி மாவட்ட சபை. வரியை வசூலிப்பது நகரசபை, அதில் பெரும்பங்கு போவது மாவட்ட சபைக்கு. இப்படி சரேயில் பதினொரு சின்னச் சபையும் ஒரு மாவட்ட சபையும் இருக்கின்றன. இந்தப் பன்னிரண்டையும் கலைத்துவிட்டு, கிழக்கு சரே, மேற்கு சரே என்று எல்லா வேலையையும் தானே பார்க்கும் இரண்டு பெரிய சபைகள் 2027 ஏப்ரலில் பொறுப்பேற்கும் என்பது அரசின் முடிவு. 2024 டிசம்பரில் வெளியான அரச வெள்ளை அறிக்கை, இப்படியான ஒரு சபைக்கு ஐந்து லட்சம் பேராவது இருப்பது நல்லது என்று ஓர் அளவுகோலையும் வைத்தது. மூன்றாம் அலுவலகத்தின் படியில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றபோது, எல்லாவற்றுக்கும் ஒரே கதவு என்ற அந்த எண்ணத்தின் நியாயம் எனக்கு நன்றாகவே விளங்கியது.

இதைத் தேநீர்க்கடையில் சொன்னேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் உடனே பிடித்துக்கொண்டார். "இங்கையும் அதைத்தான் செய்யவேணும் தம்பி. வருமானமில்லாத சின்னச் சபையள். ஒண்டிட்ட மண் வெட்டுற பெக்கோ இருந்தால் டீசல் இல்லை, டீசல் இருந்தால் பெக்கோ கராச்சில. முல்லைத்தீவில நாலு சபை, கிளிநொச்சியில மூண்டு. மாவட்டத்துக்கு ஒண்டாக்கினால் என்ன?"

அவர் சொன்னதைத் தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். எப்சம் நகரசபைக்குள் 2021 கணக்கெடுப்பில் சுமார் 81,000 பேர், நிலம் 34 சதுர கிலோமீற்றர். முல்லைத்தீவு மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பில் சுமார் 92,000 பேர், மொத்தப் பரப்பு 2,600 சதுர கிலோமீற்றருக்கும் மேல். முழு சரேயையும் தூக்கி முல்லைத்தீவுக்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும். அந்த ஐந்து லட்சம் என்ற கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால், 2012இன்படி கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கையும் கூட்டினாலும் போதாது. கொக்கிளாய்க் கடற்கரைக்காரரும் முசலி விவசாயியும் ஒரே சபையின் வாசலில் வந்து நிற்கவேண்டும். எப்சத்தில் அலுவலகம் பத்து மைல் தள்ளிப்போனால் இன்னொரு ரயில் இருக்கிறது. எங்கள் ஊருக்குக் காலையில் ஒரு பஸ், அது பிந்தினால் அன்றைய அலுவல் இல்லை.

தூரத்தோடு இது முடிவதுமில்லை. இங்கிலாந்தில் என் மச்சாள் ஒருத்தி, சில வருடங்களுக்கு முன் சபைகள் இணைக்கப்பட்ட ஒரு மாவட்டத்தில் இருக்கிறாள். முந்தி நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்த கருமபீடம் இப்போது இல்லை, தொலைபேசியில் காத்திருக்கவேண்டும். கடைசியில் எடுப்பவர் கெட்டிக்காரர்தான், ஆனால் அவள் தெருவை அவர் கண்டதில்லை. உப அலுவலகத்துத் தங்கச்சிக்கு வைரவர் கோயிலடி என்றால் எது என்று தெரியும். மதகு உடைந்தால் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றிப் போகவேண்டும் என்றும் தெரியும். பதிவேட்டில் இல்லாத அந்த அறிவை எந்த இணைப்பிலும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

அம்மாவிடம் கேட்டபோது அவர் இன்னும் பழையதுக்குப் போனார். அந்த மதகைக் கட்டியது கிராமச் சபை. தலைவர் சைக்கிளில் வந்து, குழாய் இறக்கும்வரை மர நிழலில் நின்றாராம். 1980இல் வந்த சட்டத்தோடு கிராமச் சபைகளும் பட்டின சபைகளும் போய், மாவட்ட அபிவிருத்திச் சபை வந்தது. ஊர்ச் சபைகளைக் கலைத்துப் பெரிதாக்குவது எங்களுக்குப் புதிதல்ல, ஒருமுறை பட்டுவிட்டோம். அதுவும் நிலைக்காமல், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் வந்தன. பிறகு யுத்தம். வன்னியின் சில சபைகளுக்கு 2018 பெப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. அந்த உறுப்பினர்களின் காலம் 2023 மார்ச்சில் முடிய, 2025 மே வரை மறுபடி யாரும் இல்லை. அப்படி வந்த சபைகளுக்கு நான் போயிருந்தபோது ஒரு வயதுகூட ஆகவில்லை. நடக்கத் தொடங்குகிற பிள்ளையைத் தூக்கி இன்னொரு வீட்டில் விடச் சொல்வது சரியில்லை என்று வாத்தியாரிடம் மறுநாள் சொன்னேன். "அப்ப பெக்கோவுக்கு என்ன செய்யிறது?" என்றார். நியாயமான கேள்வி.

அதற்கு வழி காட்டியது அந்தத் தங்கச்சிதான். பக்கத்துச் சபையின் பெக்கோ அந்தக் கிழமை எங்கள் எல்லைக்குக் கிட்ட வடிகால் வெட்டிக்கொண்டிருந்தது. அவர் தன் செயலாளருக்குச் சொல்ல, அவர் அடுத்த சபைச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுத, டீசல் எங்கள் சபையின் பொறுப்பு என்று முடிவானது. வாய்க்காலில் கைவைக்க நீர்ப்பாசனக்காரரின் சம்மதம் வேண்டும். அதற்கும் அவரே தொலைபேசி எடுத்தார். எந்தச் சபையும் கலைக்கப்படவில்லை, ஒரு இயந்திரமும் ஒரு கடிதமும்தான் எல்லை தாண்டின. பெக்கோ, பவுசர், பொறியியலாளர் எல்லாம் மாவட்டத்துக்குப் பொதுவாக இருக்கட்டும். வீதிப் பதிவேடும் மூன்று திணைக்களத்துக்கும் ஒன்றாக இருக்கட்டும். கருமபீடத்தை மட்டும் தயவுசெய்து சந்தியிலிருந்து எடுக்காதீர்கள். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இதைப்பற்றி முடிவெடுக்கக்கூடியவர்கள் வாசித்தால், நான் கேட்பது இவ்வளவுதான்.

நான் வெளிக்கிடுவதற்கு இரண்டு நாள் முன்னால் காலை எட்டரைக்கு பெக்கோ வந்தது. பனங்குற்றிகளை வேலியோரம் தூக்கிப் போட்டு, புதுக் குழாய் இரண்டை இறக்கி, மேலே கிறவல் கொட்டினார்கள். கரைக்குக் கல் கட்டுவது அடுத்த மாத வேலை என்றார்கள். தங்கச்சி குடையோடு வந்து நின்று, பதிவேட்டில் எழுத அகலத்தை அளந்தார். நாடாவின் மற்ற நுனியை அம்மா பிடித்துக்கொண்டார். பின்னேரம் ஓட்டோ வாசல்வரை வந்தது.