சி டிரைவ் நிரம்பினால்: ரெஸ்டோர் பொயின்ற்றை அளவோடு வைப்பதா, அடியோடு நிறுத்துவதா?

வன்னியில் கொம்பியூனிகேஷன் கடைகளிலும் தனியார் கல்வி நிலையங்களிலும் ஓடுபவற்றில் பல, 128 ஜிபி எஸ்எஸ்டி போட்ட பாவித்த லப்டொப்கள். விண்டோஸ் அதை 119 ஜிபி என்றுதான் காட்டும். ரெஸ்டோர் பொயின்ற் என்பது, சிஸ்டம் கோப்புகளும் செட்டிங்ஸும் ஒரு நேரத்தில் இருந்தபடியே விண்டோஸ் பதிந்து வைப்பது. பிறகு ஏதாவது பிழைத்தால் அந்த நிலைக்குத் திரும்பலாம். அதுவும் டிரைவில் இடம் பிடிக்கும். சி டிரைவ் சிவப்பானதும் மூன்று வழிகள் சொல்வார்கள்: ரெஸ்டோர் பொயின்ற்றை நிறுத்திவிடு, நிறுத்திவிட்டு வெளி ஹாட்டிஸ்க்கில் முழு சிஸ்டம் இமேஜ் (விண்டோஸ், புரோகிராம், கோப்புகள் எல்லாவற்றினதும் முழு நகல்) எடுத்து வை, அல்லது ரெஸ்டோர் பொயின்ற்றுக்கு ஓர் இட எல்லை போட்டு அப்படியே விடு. நான் கைக்கொள்வது மூன்றாவதை. எங்கள் பக்கத்துக்கு அதுதான் பொருந்தும்.

கை வைக்க முன் ஒன்றைப் பாருங்கள். இடத்தைத் தின்பது பல நேரம் ரெஸ்டோர் பொயின்ற்றே அல்ல. பெரிய அப்டேட் ஒன்றுக்குப் பிறகு பழைய விண்டோஸ் அப்படியே தனி ஃபோல்டரில் பத்து நாள் கிடக்கும். அது பல ஜிபி. ஹைபர்னேற் கோப்பு (கணினியை நிறுத்தும்போது ரம்மில் உள்ளதை டிஸ்க்கில் சேமிக்கும் கோப்பு), விண்டோஸ் 10 இலிருந்து, ரம்மின் 40 வீதம் வரை பிடிக்கும். 8 ஜிபி ரம் என்றால் 3.2 ஜிபி.

எனக்கு முடிவைத் தீர்மானித்த விஷயம், கெட்டுப்போன கணினியைத் திருப்பி எழுப்ப எவ்வளவு டேட்டா வேண்டும் என்பது. விண்டோஸ் 11 இன் இன்ஸ்டோலேஷன் கோப்பு மட்டும் 5 ஜிபியைத் தாண்டும். அதன் பின் அப்டேட்டுகள், பிரின்டர் டிரைவர், ஒஃபிஸ், பாமினி எழுத்துருக்கள், தமிழ் விசைப்பலகை எல்லாம் ஒவ்வொன்றாய்ப் போடவேண்டும். போனில் ரீலோட் போட்டு ஹொட்ஸ்பொட்டில் ஓடுகிற கடைக்கு இது ஒரு நாள் வேலையும் ஒரு மாத டேட்டாவும். பிழையான பிரின்டர் டிரைவரோ சொதப்பிய அப்டேட்டோ என்றால், ரெஸ்டோர் பொயின்ற் அதை இன்டர்நெட்டே இல்லாமல் மாற்றித் தரும். எஸ்எஸ்டியில் அரை மணிக்குள் முடிவதுண்டு. பழைய ஹாட்டிஸ்க்கில் ஒரு மணியும் ஆகலாம்.

எல்லை போடுவது இப்படி. ஸ்டார்ட்டில் ‘கிரியேட் எ ரெஸ்டோர் பொயின்ற்’ என்று தேடினால் சிஸ்டம் புரொடெக்ஷன் பக்கம் வரும். சி டிரைவைத் தெரிந்து கொன்ஃபிகரை அழுத்தி, மெக்ஸ் யூசேஜ் கோட்டை இழுங்கள். வீதத்தைப் பார்த்து ஏமாறாமல் பக்கத்தில் காட்டும் ஜிபியைப் பாருங்கள்: 500 ஜிபி டிஸ்க்கில் 10 வீதம் என்றால் 46 ஜிபி, 128 ஜிபி எஸ்எஸ்டியில் 5 வீதம் என்றால் 6 ஜிபிதான். 128க்கு 5 முதல் 6 ஜிபி, 240க்கு 8 முதல் 9 ஜிபி விட்டால் போதும். அதற்குள் எத்தனை பொயின்ற் நிற்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆளுக்காள் பாவனை வேறு. இரண்டு மூன்றாவது நிற்க வேண்டும். 20 ஜிபி விடுவதில் பயனும் இல்லை. 2025 ஜூன் அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு 60 நாளுக்கு மேல் எந்தப் பொயின்ற்றையும் வைத்திருக்காது.

எல்லையைக் குறைத்தால் பழைய பொயின்ற்றுகள் தாமாகவே அழியும். உடனடியாக இடம் தேவையென்றால், டிஸ்க் கிளீனப்பில் ‘கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்’ போய், மோர் ஒப்ஷன்ஸ் பக்கத்தில் சிஸ்டம் ரெஸ்டோர் பகுதியில் உள்ள கிளீன் அப்பை அழுத்துங்கள். கடைசி ஒன்றை விட்டு மற்றதெல்லாம் போகும். பொயின்ற்றுகள் கிடக்கும் சிஸ்டம் வொலியூம் இன்ஃபர்மேஷன் ஃபோல்டருக்குள் அனுமதி எடுத்துக்கொண்டு புகுந்து கையால் அழிக்கவே வேண்டாம்.

இன்னும் விண்டோஸ் 7 ஓட்டுகிற ஸ்டூடியோக்காரருக்கு ஒன்று. அதில் சி டிரைவில் மாறும் எல்லாமே கணக்கில் வரும். பொயின்ற் விழுந்த பிறகு 30 ஜிபி கலியாண வீடியோவை அழித்து, அதே இடத்தில் புது வீடியோவை ஏற்றினால், பழைய துண்டுகள் ரெஸ்டோர் இடத்துக்கு நகலாகி அது நிரம்பி, பொயின்ற்றுகள் உதிர்ந்துவிடும். வீடியோவை டி டிரைவில் வைத்து, டி யின் புரொடெக்ஷனை நிறுத்திவிடுங்கள். விண்டோஸ் 8 இலிருந்து இந்தத் தொல்லை குறைவு, சிஸ்டத்துக்கு வேண்டிய கோப்புகளையே அது கவனிக்கிறது. அதனாலேயே அழிந்த வினாத்தாளை அதில் தேட முடியாது.

ரெஸ்டோர் ஓடும்போது கரண்ட் போனால் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் செட்டிங்ஸ் எல்லாம் இருக்கும் இடம்) அரைகுறையாக நிற்கலாம், பிறகு விண்டோஸே எழும்பாமல் போகலாம். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பில், மாரிகாலத்து இடி மின்னல் நேரத்தில் தொடங்காதீர்கள். இடையில் பிழை காட்டினால் அநேகமாக அன்டிவைரஸ்தான் மறிக்கிறது. சேஃப் மோடில் (அவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் எழும்பும் முறையில்) திரும்பச் செய்யுங்கள். விண்டோஸே எழும்பாவிட்டால் ரிக்கவரி திரையிலிருந்து செய்யலாம், ஆனால் டிஸ்க் பிட்லொக்கரால் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) என்கிரிப்ட் ஆகியிருந்தால், அதைத் திறக்கும் 48 இலக்க எண்ணைக் கேட்கும். அதை இன்றே கொப்பியில் எழுதி வையுங்கள். பெரிய பதிப்பு மாறிய பின் பழைய பொயின்ற்றுகள் இருக்காது, சில வேளை புரொடெக்ஷனே நின்றிருக்கும். போய்ப் பாருங்கள்.

சிஸ்டம் இமேஜின் பலத்தை மறுக்கவில்லை. டிஸ்க் செத்தாலோ ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் வைரஸ்) வந்தாலோ அதுதான் காப்பாற்றும். ரான்சம்வேர் முதலில் அழிப்பதே இந்தப் பொயின்ற்றுகளைத்தான். ஆனால் 60 ஜிபி பாவனை என்றால் விண்டோஸின் இமேஜும் ஏறக்குறைய அவ்வளவு இடம் பிடிக்கும், பழையதை விடச் சிறிய டிஸ்க்கில் அது இறங்காது, யாராவது மாதாமாதம் ஹாட்டிஸ்க்கைச் செருகி எடுக்கவும் வேண்டும். ஆறு மாதப் பழைய இமேஜைப் போட்டால் அந்த ஆறு மாத அப்டேட்டையும் திரும்ப இறக்கவேண்டும். பணக்கணக்கு ஓடும் சங்கக் கணினிக்கு இரண்டும் வேண்டும்.

அடியோடு நிறுத்துவது 32, 64 ஜிபி மெமரி ஒட்டிய சின்ன லப்டொப்களுக்கு மட்டும் சரி. அங்கே 2 ஜிபி விட்டாலும் ஒரு பொயின்ற் ஒழுங்காக நிற்பதில்லை. நிறுத்தியதும் இருப்பதெல்லாம் உடனே அழியும் என்பதால், முதலில் ஒரு பென்டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டோலரையும் டிரைவர்களையும் எழுத்துருக்களையும் ஏற்றி வைத்துவிட்டு நிறுத்துங்கள்.