லைட்னர் பெட்டி: ஓராண்டு முழுக்கப் பயன்படுத்திப் பார்த்தால்

செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் அறிவியல் இதழாளர் 1972-இல் ஒரு நூலில் விளக்கிய நினைவுப் பயிற்சி முறை இது. ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையும் எழுதிய அட்டைகளை ஒரு பெட்டியில் அடுக்கி, மாணவர் தன்னையே கேட்டுப் பார்ப்பது. ஐந்து அறைகள். விடை சரியென்றால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும், அடுத்ததை ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம், இருவாரம், மாதம் என்று புரட்டினால் பள்ளி அட்டவணைக்குள் அடங்கிவிடும்.

பெட்டியைக் குறை சொல்ல அதிகமில்லை. படுத்துவதெல்லாம் அட்டைகள்தான். "அச்சுக்கலை: குறிப்பு வரைக" என்று எழுதிய அட்டை ஒருநாளும் மேலேறாது, பாதி சொன்னால் சரியா தவறா என்று மாணவருக்கே தெரியாது. அதை உடைக்க வேண்டும். தனித்தனி உலோக எழுத்துகளைக் கோத்து அச்சிடும் முறையை ஐரோப்பாவில் நிலைநாட்டியவர் யார்? குட்டன்பர்க். அவருடைய பைபிள் அச்சாகி முடிந்தது எப்போது? 1455 வாக்கில். அதற்குமுன் நூல்கள் எப்படிப் பெருகின? கையால் படியெடுத்து. ஓர் அட்டைக்கு ஒரே விடை.

சொல் அட்டைகளையும் அதே தலைப்பிலிருந்தே எடுப்பது நல்லது: வார்ப்பு, பிரதி, பதிப்பு, தணிக்கை. ரெக்ட், லெஸ்லி இருவரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், வாசிப்பில் பின்தங்கினாலும் பேஸ்பால் நன்கு தெரிந்த மாணவர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட பேஸ்பால் பத்தியை நன்றாக நினைவுகூர்ந்தார்கள். விஷயம் தெரியாமல் சொல் மட்டும் தெரிந்து பயனில்லை. அகராதிப் பொருளை அப்படியே எழுதுவதைவிட, கோடிட்ட இடமுள்ள வாக்கியம் மேல்: "இரண்டு காட்சிகளை நீக்கச் சொன்னது ____ குழு." கணக்குத் தணிக்கைக்குத் தனி அட்டை போடுங்கள். நிர்ணயம், நிர்மாணம், நிவாரணம் போன்று காதில் ஒன்றுபோல விழும் சொற்களை ஒரே வாரத்தில் நுழைத்தால் மூன்றும் குழம்பும்.

அடுத்த சிக்கல் எண்ணிக்கை. தொடக்க உற்சாகத்தில் நாளுக்கு இருபது புது அட்டை சேர்ப்பார்கள். சில வாரங்களில் மீள்பார்வையே நூறைத் தாண்டும், பெட்டி மூலைக்குப் போய்விடும். ஐந்து போதும். இதே வேலையைக் கணினியிலோ கைபேசியிலோ செய்யும் ஆன்கி செயலி நாட்கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும் என்றாலும், அதிலும் புது அட்டை இயல்பாக இருபதாகவே இருக்கும். முதல் வேலையாகக் குறையுங்கள். மறந்துபோன அட்டைக்கு 'அகெய்ன்' (மறுபடி) பொத்தானை அழுத்தாமல், மானம் காக்க 'ஹார்ட்' (கடினம்) அழுத்தும் பழக்கத்தையும் கவனியுங்கள். செயலி அதை 'நினைவிருக்கிறது' என்றே எடுத்துக்கொண்டு இடைவெளியைக் கூட்டிவிடும்.

ஐந்தாம் அறையை எட்டிய சொல்லும் கட்டுரையில் தானாக வந்து விழாது. மூன்றாம் அறையைப் புரட்டும் நாளில் அதிலிருந்து நான்கு சொற்களை எடுத்து, அவை வருமாறு ஒரு பத்தி எழுதவைத்தால்தான் கைக்கு வரும்.

நீண்ட விடுமுறைக்குப் பின் பெட்டி நிரம்பி வழியும். அந்தச் சமயத்தில் நான்காம், ஐந்தாம் அறைகளில் தவறும் அட்டைகளை முதல் அறைக்குத் தள்ளாமல் இரண்டாம் அறையில் வையுங்கள். தேங்கியது தீரும்வரை புது அட்டை வேண்டாம்.