கன்கான்: டியூப் டிவி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்

முதல் பிளேஸ்டேஷனுக்காக நாம்கோ நிறுவனம் 1997இல் கொண்டுவந்த கன்கான் என்ற வீடியோ கேம் துப்பாக்கி ஒன்று பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் கிடைத்தது. 60 வெள்ளி (ரிங்கிட்). "டெஸ்ட் பண்ண இங்க டிவி இல்ல தம்பி, நல்லா பார்த்து எடுத்துக்க" என்றார் கடைக்கார அண்ணன். விசையை அழுத்தினால் 'டிக்' என்று அழுத்தமாகக் கேட்க வேண்டும், கேட்டது. வயரில் மஞ்சள் பிளக் (வீடியோ சிக்னலுக்கானது) இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. அது இல்லாமல் விற்றால் தொடவே தொடாதீர்கள்.

ஏனென்றால் இந்தத் துப்பாக்கியின் உயிரே அந்த மஞ்சள் பிளக்தான். மைக்ரோ ஜீனியஸ் கேம் பெட்டியில் வாத்து சுட்டவர்களுக்குத் தெரியும்: விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுப்பாகும், வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். அந்த வெளிச்சம் துப்பாக்கியின் கண்ணில் பட்டால் வாத்து காலி. குறி தவறினால் எவ்வளவு தள்ளிப் போனது என்பது அதற்குத் தெரியாது. கன்கான் அப்படியில்லை. டியூப் டிவி படத்தை மேலிருந்து கீழே வரிவரியாக வரைகிறது. வரையத் தொடங்கிய நேரம் மஞ்சள் பிளக் வழியாகத் துப்பாக்கிக்கு வந்துவிடும். வெளிச்சம் கண்ணில் பட எவ்வளவு நேரமானது என்பதை வைத்து எந்த வரி, வரியில் எந்த இடம் என்று கணக்குப் போட்டுவிடும்.

இந்தத் துல்லியத்தை உணர, துப்பாக்கி விளையாட்டுகளில் டைம் கிரைசிஸைவிட பாயிண்ட் பிளாங்க்தான் சரி. அதில் ஒரு கட்டத்தில் ஒரே ஓர் இலை ஆடி ஆடி விழும், உங்களிடம் இருப்பதும் ஒரே ஒரு குண்டு. தொடக்கத்தில் குறியைச் சரிசெய்துகொண்டால், இலை எங்கே இருக்கிறதோ அங்கேயே குண்டு பாய்கிறது. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. டைம் கிரைசிஸில் ஆர்கேட் இயந்திரத்தின் மிதிகட்டைக்குப் பதில் துப்பாக்கிக் குழாயின் பக்கவாட்டுப் பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் மறைவிலிருந்து வெளியே வந்து சுட முடியும். விட்டால் மறைந்துகொண்டு குண்டு நிரப்பலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அரை மணி நேரத்தில் கை வலிக்கிறது.

எல்சிடி டிவியில் இது சுத்தமாக வேலை செய்யாது. அதில் வரிவரியாக ஓடும் ஒளிப்புள்ளி கிடையாது. வீட்டில் எல்சிடி மட்டும்தான் என்றால் கணினியில் விளையாட சிண்டன் துப்பாக்கி வாங்குங்கள். குழாயில் கேமரா இருக்கிறது, திரையைச் சுற்றி ஒரு வெள்ளைச் சட்டம் போட்டால் போதும். அதுவும் நல்ல பொருள்தான். ஆனால் என் ஓட்டு டியூபுக்குத்தான்.

அதனால் அம்மா வீட்டில் பழைய டிவி இருந்தால் தயவுசெய்து பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். துப்பாக்கியைத் தேடிப் பிடித்துவிடலாம், நல்ல டியூப் கிடைப்பதுதான் வருஷா வருஷம் கஷ்டமாகிறது. என்னுடையது 21 அங்குலம்; வெளிச்சத்தைக் கூட்டி வைத்த பிறகுதான் இருட்டான காட்சிகளிலும் குறி பிசகாமல் பட்டது. அப்புறம், துப்பாக்கிக் குழாய்க்குள் இருக்கும் லென்ஸில் தூசி படிந்திருந்தால் பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்துவிடுங்கள்.