368 மில்லிமீட்டருக்கு மூன்று வைத்தியம்

ஜப்பானின் பழைய ரயில்பாதைகளில் தண்டவாள இடைவெளி 1,067 மி.மீ. 1964இல் வந்த அதிவேக ரயிலான ஷின்கான்செனுக்கு 1,435. புது அகலப்பாதை போடக் கட்டுப்படியாகாத ஊர்களுக்கு அதிவேக ரயிலைக் கொண்டுபோக மூன்று வழிகளை அங்கே முயன்றார்கள்.

முதலாவது மினி ஷின்கான்சென். யாமகாத்தாவுக்கு 1992இலும் அகிதாவுக்கு 1997இலும் வந்தது. பழைய பாதையிலேயே தண்டவாளத்தை மட்டும் 1,435க்கு அகட்டினார்கள். சுரங்கமும் நடைமேடையும் பழைய அளவிலேயே இருப்பதால் பெட்டியின் அகலம் சுமார் 2.95 மீட்டர்தான், முழு ஷின்கான்செனுக்கு 3.38. அதனால் ஒரு வரிசைக்கு ஐந்து இருக்கைக்குப் பதில் நான்கு. பெரிய நிலையங்களில் நடைமேடைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விழும். அதை மூட வாசலில் மடிப்புப் படி வெளியே வரும். மின்சாரமும் 25,000 வோல்ட்டிலிருந்து 20,000க்கு மாறுகிறது.

வேகத்தை நம்பி ஏறினால் ஏமாற்றம்தான். பிரதான பாதையில் 320 கி.மீ.யில் பறக்கும் அகிதா ரயில், கிளைக்குள் நுழைந்ததும் 130ஐத் தாண்டாது. லெவல் கிராசிங்குகள் அப்படியே இருக்கின்றன. ஒமகாரியில் ரயில் திசை மாறுவதால் அங்கிருந்து அகிதா வரை இருக்கைகள் பின்னோக்கியே போகும். யாமகாத்தா பக்கம் இதாயா கணவாயில் பனி கொட்டினால் அந்தத் தாமதம் டோக்கியோ வரை தொற்றும். ஏனென்றால் பிரதான பாதையில் சேரும் ஃபுகுஷிமாவில் இன்னொரு ரயிலோடு கோத்துக்கொண்டுதான் போகவேண்டும். ஆனாலும் ஏறிய இருக்கையிலேயே ஊர்போய் இறங்கலாம். மூட்டை முடிச்சோடு போகிறவருக்கு அதுதான் பெரிது.

இரண்டாவது, சக்கர இடைவெளியை ஓட்டத்திலேயே மாற்றும் ரயில். காகிதத்தில் இதுவே அழகு. ஸ்பெயினில் டால்கோ என்ற ரயில் நிறுவனம் இதைச் சாதித்தது. ஆனால் அங்கே குறுகலான அளவே 1,435, பெட்டிச் சக்கரங்களில் மோட்டாரும் கிடையாது. ஜப்பானிலோ 1,067க்குள் மோட்டார், பல்சக்கரம், நகரும் சக்கரம் எல்லாம் அடங்கவேண்டும். 2014இல் 6 லட்சம் கி.மீ. ஓட்டிப் பார்க்கத் தொடங்கிய சோதனை, சுமார் 33,000 கி.மீ.யிலேயே நின்றது. சக்கரம் நகரும் இடத்தில் அச்சு தேய்ந்திருந்தது. திருத்தியும் தேய்மானம் முழுதாகத் தீரவில்லை. பராமரிப்புச் செலவும் எகிறியது. 2018இல் நாகசாகி வழிக்கு இந்த யோசனையைக் கைவிட்டார்கள்.

மூன்றாவது, வெறும் மாறி ஏறுதல். தொழில்நுட்பமே இல்லாத இதில்தான் நிலைய அமைப்பு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நாகசாகி வழியில் 2022இல் திறந்த 66 கி.மீ. துண்டு மற்ற ஷின்கான்சென் பாதைகளோடு சேராதது. அது தொடங்கும் தக்கேஓ-ஒன்சென் நிலையத்தில் ஒரே நடைமேடையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரு ரயில்களும் நிற்கும். நாலு எட்டு நடந்தால் போதும். ஒசாகாவுக்கும் கனசாவாவுக்கும் நடுவிலுள்ள சுருகா நிலையத்தில் அப்படியில்லை. ஒசாகாவிலிருந்து பழைய பாதையில் வரும் எக்ஸ்பிரஸ் கீழ்த்தளத்தில், ஷின்கான்சென் மேலே; மாறுவதற்கு அட்டவணை தருவது குறைந்தபட்சம் 8 நிமிடம். முன்பு கனசாவா வரை நேரே போன ரயில் 2024 மார்ச் முதல் இங்கேயே நின்றுவிடுகிறது.

தக்கேஓ-ஒன்சென் ஏற்பாடு இடைக்காலத்துக்கு என்றுதான் தொடங்கியது. தக்கேஓ-ஒன்செனுக்கும் பிரதான ஷின்கான்சென் நிற்கும் ஹக்காத்தாவுக்கும் நடுவிலுள்ள சாகா மாகாணத்துக்கு, இடைவெளியை நிரப்பும் முழு ஷின்கான்சென் பாதையில் ஆர்வமில்லை. அங்கிருந்து ஹக்காத்தாவுக்குப் பழைய எக்ஸ்பிரஸே 40 நிமிடத்தில் போய்விடுகிறது. புதுப்பாதை வந்தால் செலவில் பங்கும் தலையில் விழும், உள்ளூர்ப் பாதையை ஜே.ஆர். ரயில் நிறுவனம் கைகழுவுமோ என்ற பயமும் சேரும்.