கிளப்புக்கு ஜியோகாயின்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

ஜியோகேச்சிங் என்பது யாரோ ஒளித்துவைத்த பெட்டியை, அதாவது கேச்சை, ஜிபிஎஸ் துணையோடு தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. அதை ஆடுகிறவர்களுக்காகச் செய்யும் நாணயம்தான் ஜியோகாயின், கேச் விட்டுக் கேச் போகும் பயணத்தைத் தளத்தில் பதிவு செய்ய அதில் பெரும்பாலும் ஒரு டிராக்கிங் எண் இருக்கும். கிளப் பெயரில் ஒரு ஜியோகாயின் போடலாம் என்று யாராவது வாய் திறந்தால் போதும், உடனே படத்தைப் பற்றிய சண்டை ஆரம்பித்துவிடும். ஒருவருக்கு மலை வேண்டும், இன்னொருவருக்கு ஆறு வேண்டும், நடுவில் திசைகாட்டி எல்லோருக்குமே வேண்டும். படத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். வாங்குகிறவர் அந்தக் காயினை என்ன செய்யப்போகிறார் என்பதை முதலில் கேளுங்கள், ஏனென்றால் உலோகம், வண்ணம், அளவு, விற்கும் முறை எல்லாம் அதைப் பொறுத்துத்தான் மாறும். கேச்சில் போட்டு ஊர் ஊராக அனுப்புகிறவர் ஒரு ரகம். ஆல்பத்தில் செருகி வைத்து, கூடுகைகளில் மட்டும் எடுத்துக் காட்டுகிறவர் இன்னொரு ரகம். 2001-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஜான் ஸ்டான்லி முதல் ஜியோகாயினைக் கொண்டுவந்தபோது, தான் வந்துபோனதன் அடையாளமாகக் கேச்சில் விட்டுப்போகத்தான் அதைச் செய்தார். சேகரிப்பு மோகம் அப்புறம் சேர்ந்துகொண்டது, இன்றைக்குக் காயினை விற்கும் கிளப்புக்கு அந்த மோகம்தான் சோறு போடுகிறது.

பயணத்துக்கு விடுகிற கூட்டம்தான் பெரிது என்றால், காயினே வேண்டாம் என்பது என் கட்சி. பளபளப்பான காயின் கேச்சில் நிற்காது, யாராவது எடுத்துப்போய்விடுவார்கள். எடுத்தவர் திருடவேண்டும் என்று கூட நினைத்திருக்க மாட்டார், பதிவு செய்யத் தெரியாமல் மேஜை இழுப்பறையில் போட்டிருப்பார். ட்ராவல் பக் எனப்படும் தகட்டு அட்டை இந்த வேலைக்கு எவ்வளவோ தேவலை. ஒரே எண்ணோடு இரண்டு தகடுகள் வரும், ஒன்றைப் பொருளோடு கட்டி அனுப்பிவிட்டு மற்றதைக் கையில் வைத்துக்கொள்ளலாம். காயின்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் அசலை வீட்டில் வைத்துவிட்டு, எண்ணை எழுதிய லேமினேட் செய்த நகலைச் சுற்றவிடுவது ரொம்ப நாளாக நடக்கிற பழக்கம். அதுவே சொல்லிவிடுகிறது, அழகாகச் செய்த காயினைக் கேச்சில் விட யாருக்கும் மனசு வருவதில்லை.

பாத்டேக் எனப்படும் சின்ன உலோக வில்லை இன்னொரு போட்டியாளர். ஏறக்குறைய 23 மில்லிமீட்டர் அகலம், மேலே ஒரு ஓட்டை, விலை குறைவு, நண்பர்களுக்குள் மாற்றிக்கொள்ள ஏற்றது. ஆனால் ஜியோகேச்சிங் தளத்தில் இதன் பயணம் பதிவாகாது. மரக் காயினும் அப்படித்தான், லேசாக இருக்கும், லேசரில் எரித்து வரையலாம், கூடுகைக்கு வருகிறவர்களுக்குச் சும்மா கொடுக்கலாம். கிளப்புக்கு வருமானம் தருகிற பொருள்கள் இல்லை இவை.

சரி, சேகரிப்பவர்களுக்கான உலோகக் காயின்தான் என்று முடிவெடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, அச்சில் அடிப்பதா, வார்ப்பதா? பித்தளையையோ செம்பையோ அச்சில் வைத்து அழுத்தினால் நுண்ணிய கோடுகள் கூர்மையாக விழும், கையில் எடுத்தால் கனமாக, உண்மையான நாணயம் போல இருக்கும். துத்தநாகக் கலவையை உருக்கி வார்த்தால் நடுவில் ஓட்டை, ஒழுங்கற்ற ஓரம், சுழலும் பாகம் என்று இஷ்டத்துக்கு உருவம் கொடுக்கலாம், ஆனால் மிகச் சன்னமான விவரங்கள் கொஞ்சம் மழுங்கிப்போகும். வட்டக் காயின் என்றால் அடிப்பது. உங்கள் பகுதியின் வரைபட வடிவத்திலேயே ஓரத்தை வெட்டவேண்டும் என்றால் வார்ப்பது. இதில் பெரிதாக மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

வரைபடம் என்றதும் ஒரு சின்னக் கணக்கு. உங்கள் பகுதி 200 கிலோமீட்டர் அகலம் என்று வையுங்கள், அதைக் காயினில் 40 மில்லிமீட்டருக்குள் அடக்கினால் ஒரு மில்லிமீட்டருக்கு 5 கிலோமீட்டர். 0.3 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு ஆற்றை வரைந்தால் அது நிஜத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் அகலமான ஆறு. அதையும் விட மெல்லியதாகப் போட்டால் உலோகத்தில் நிற்காது. கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்து எல்லாக் கிளை ஆறுகளையும் சாலைகளையும் சேர்க்கிறவர்கள், காயின் கைக்கு வந்த பிறகு ஒரு குழப்பமான கிறுக்கலைத்தான் பார்ப்பார்கள். படத்தை உண்மையான அளவில் காகிதத்தில் அச்செடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். தெரியாததை எல்லாம் அடித்துவிடுங்கள். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த எழுத்தும் அதோடு போகட்டும்.

அளவில் 38 மில்லிமீட்டர், 44 மில்லிமீட்டர் விட்டம் என்ற இரண்டுக்குள்தான் பொதுவாகப் போட்டி. மூன்று மில்லிமீட்டர் தடிமனில் துத்தநாகக் கலவை 38 என்றால் சுமார் 23 கிராம், 44 என்றால் சுமார் 30 கிராம் வரும். பார்க்க இந்த வித்தியாசம் ஒன்றும் இல்லைதான், நூறு காயின் பார்சல் போடும்போது முக்கால் கிலோவாக எகிறிவிடும், அஞ்சல் செலவு யார் தலையில் என்பது கூட்டத்தில் பேசவேண்டிய விஷயம். அப்படியிருந்தும் 44-ஐத்தான் எடுப்பேன். கிளப் பெயர், ஊர், ஆண்டு, டிராக்கிங் எண் எல்லாம் நெருக்கியடிக்காமல் உட்கார இடம் வேண்டும் இல்லையா.

வண்ணம்தான் உண்மையான சண்டைக்களம். சாஃப்ட் எனாமலில் பள்ளங்களில் மட்டும் வண்ணம் நிரப்பிச் சூடாக்குவார்கள், உலோக வரப்புகள் மேலே துருத்திக்கொண்டே இருக்கும், விரலால் தடவினால் மேடுபள்ளம் தெரியும். ஹார்ட் எனாமலில் வண்ணத்தை மேல்மட்டம் வரை நிரப்பி, சூடாக்கி, தேய்த்து மட்டமாக்கிவிடுவார்கள், பரப்பு கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும், கீறலும் கொஞ்சம் குறைவு. விலையும் கூடுதல். மட்டமாகத் தேய்ப்பதால் மலைச்சரிவு, மரப்பட்டை, கல்சுவர் போன்ற புடைப்பு வேலைகளுக்கு அங்கே இடம் இல்லை, உலோகத்தைப் பழசாகக் காட்டும் ஆன்டிக் பூச்சும் அதோடு பொதுவாக ஒத்துப்போகாது. விலை கூடுதல் என்ற ஒரே காரணத்துக்காக ஹார்ட் எனாமல்தான் உசத்தி என்று நினைப்பவர்கள் உண்டு, எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு பக்கம் கிளப் சின்னம், தட்டையான நிறங்கள், கறாரான கோடுகள் என்றால் ஹார்ட் எனாமல் அழகு. நிலக்காட்சி, கட்டடம், விலங்கு என்றால் சாஃப்ட் எனாமலும் ஆன்டிக் பூச்சும் சேர்ந்துதான் ஆழத்தைக் காட்டும், பள்ளங்களில் தங்கும் கருமைதான் அங்கே நிழலாக வேலை செய்கிறது. இரண்டு பக்கமும் ஒரே முறையில்தான் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, பின்பக்கம் வண்ணமே இல்லாமல் வெறும் புடைப்பாக விட்டால் செலவும் குறையும், காயினும் கண்ணியமாக இருக்கும். இருட்டில் ஒளிரும் வண்ணம், மினுமினுப்புத் தூள் எல்லாம் கேட்டால் சேர்த்துத் தருவார்கள். எனக்கு ஒளிரும் வண்ணம் மட்டும் பிடிக்கும், அதுவும் இருட்டில் தேடும் இரவு கேச் நடத்துகிற கிளப் என்றால்.

பூச்சுக்கு வருவோம். ஒரே அச்சை வைத்துத் தங்கம், வெள்ளி, செம்பு, கருநிக்கல் என்று நான்கு விதமாக எடுக்கலாம், அச்சுக் கூலி ஒரு தடவைதான். இதில்தான் ஆசை பிடித்துவிடும். சாதாரணப் பதிப்பு, குறைந்த எண்ணிக்கைப் பதிப்பு, அதிலும் குறைந்த பதிப்பு என்று பிரித்தால் சேகரிப்பவர் எல்லாவற்றையும் வாங்குவார் என்பது கணக்கு. பெரிய ரசிகர் கூட்டம் உள்ள வடிவமைப்பாளருக்கு அது பலிக்கும். வட்டார கிளப்புக்கு அரிய பதிப்பு முதலில் தீர்ந்துபோகும், சாதாரணப் பதிப்பு பொருளாளர் வீட்டு அலமாரியில் தூங்கும். ஒவ்வொரு பூச்சுக்கும் குறைந்தபட்ச எண்ணிக்கையும் கேட்பார்கள். இரண்டு பூச்சுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது, இரண்டாவதைக் கூடுகைக்கு நேரில் வந்தவர்களுக்கு மட்டும் என்று வைத்தால் வருகைக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

டிராக்கிங் எண் வேண்டுமா வேண்டாமா என்றால், காசு கூடினாலும் வேண்டும். எண் இல்லாத காயின் வெறும் பதக்கம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஜியோகேச்சிங் தலைமையகத்துக்குத் தனிக் கட்டணம் போகிறது, படத்துக்கும் அவர்களுடைய ஒப்புதல் வேண்டும், அதனால் கால அட்டவணையில் அதற்கும் இடம் விடுங்கள். அவர்களுடைய சின்னத்தையோ சிக்னல் என்ற அவர்களுடைய தவளைப் பாத்திரத்தையோ அனுமதி இல்லாமல் படத்தில் சேர்க்க முடியாது. தளத்தில் காட்டும் தனிச் சின்னம் கூடுதல் செலவு. பெருமைக்குச் செய்யலாம், நிதி நெருக்கடி என்றால் முதலில் வெட்டவேண்டியது அதைத்தான்.

கடைசியாக விற்பனை. மொத்தமாக எடுத்து வைத்து விற்பதா, முன்பதிவா? அச்சுக் கூலி 50 காயினுக்கும் ஒன்றுதான், 200 காயினுக்கும் ஒன்றுதான், ஆகவே அதிகம் எடுத்தால் ஒன்றின் அடக்க விலை இறங்கும். இந்த ஒரு வாதத்தை வைத்தே பல கிளப்புகள் கையிருப்பைக் குவித்துவிடுகின்றன. இறங்கிய விலை விற்ற காயினுக்குத்தான் லாபம், விற்காததற்கு இல்லை. முன்பதிவில் பணம் முன்னாலேயே வந்துவிடும், எண்ணிக்கை தெளிவாகத் தெரியும். ஆனால் உற்பத்தி தள்ளிப்போனால் திட்டு கிளப்புக்குத்தான் விழும், அதனால் தேதியைத் தாராளமாகச் சொல்லுங்கள், பணம் திருப்பித் தருவது எப்படி என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். “எத்தனை பேருக்கு வேண்டும்” என்று கேட்டு எழும் கைகளை நம்பி ஆர்டர் போடாதீர்கள், காசு கட்டியவர்தான் கணக்கு. பதிவான எண்ணிக்கைக்கு மேல் கொஞ்சம் சேர்த்து எடுப்பது வேறு விஷயம், எண் சரியாக விழாத காயினுக்கும் தபாலில் தொலைந்ததற்கும் மாற்று வேண்டியிருக்கும், கிளப்பின் சொந்தச் சேகரிப்புக்கும் ஒன்று வேண்டும்.

அறிவிப்பைக் கேச் பக்கத்தில் போட முடியாது, விற்பனை விளம்பரத்துக்கு அங்கே அனுமதி கிடையாது. கிளப்பின் சொந்தக் குழுவிலோ தளத்திலோ போடுங்கள். போடும் படத்தில் டிராக்கிங் எண்ணை மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காயின் வாங்கியவர் கையில் சேருவதற்கு முன்பே யார் யாரோ அதைப் பார்த்ததாகப் பதிவு போட்டிருப்பார்கள். உற்பத்தியாளர் அனுப்புகிற மாதிரிப் படத்தை அப்படியே பகிர்கிறவர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டும், அதில் எண் இருக்கும் பக்கமும் சேர்ந்தே வந்திருக்கும்.