துணைக்கு ஆள் அனுப்பும் டயாலிசிஸ் மையம்: என் அனுபவம்

மலேசியாவின் பேராக்கில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் டவுனில், பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை போடும் ரோட்டில், ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இந்த ரத்தச் சுத்திகரிப்பு மையம் இருக்கிறது. மெஷின், சுத்தம், மிஸ்ஸிமார் (தாதியர்) ஊசி போடும் பக்குவம் எதிலும் எனக்குக் குறை இல்லை. நான் எழுத வந்தது இன்னொரு சேவையைப் பற்றி. புதிதாக வருகிறவருக்குத் துணையாக, ஏற்கெனவே டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரையே அனுப்புகிறார்கள். சம்பளம் கிடையாது. முதலில் எனக்கு ஒருவர் வந்தார், இப்போது நான் போகிறேன்.

நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன். இனிப்புநீர் (நீரிழிவு) கிட்னியைக் கெடுத்துவிட்டது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், நம் இந்தியர்களிடம் மட்டும் 31.4. எங்கள் மைய நாற்காலிகளில் தமிழ் முகங்களே அதிகம் தெரிவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, வருத்தம்தான். வாரம் 3 நாள், தடவைக்கு 4 மணி நேரம், வருடத்துக்கு 600 மணி நேரத்துக்கு மேல் அந்த நாற்காலியில் போகிறது. ஊசி ஏற்றும் இடது கையால் பாரம் தூக்கக் கூடாது என்பதால் லோரி வேலையும் போயிற்று. வீட்டில் எல்லாரும் "நீங்க உட்காருங்க" என்றார்கள், பாசத்தில்தான். ஆனால் கொல்லையில் விழுந்த தேங்காயைப் பொறுக்கக்கூட விடாதபோது, சொந்த வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் மிஸ்ஸி வந்து, "அண்ணே, அந்தப் புது ஐயா மெஷினைப் பார்த்ததும் எழுந்து வெளியே போயிட்டாரு, நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்களேன்" என்றார். கடை முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஊசி போடும் அந்த இடத்தில் ரத்தம் கிர்ரென்று ஓடுவது விரலுக்குத் தெரியும். பயம் கொஞ்சம் தணிந்தது. அப்புறம் வீட்டில் என்ன குடிக்கிறார் என்று விசாரித்தேன். ரத்தக் கொதிப்புக்கு நல்லது என்று தினமும் பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) ஜூஸ்! கொல்லையில் மரமே நிற்கிறதாம். கிட்னி பழுதானவர்களுக்கு அந்தப் பழத்தில் இருக்கும் நஞ்சு வெளியேறாமல் தங்கி மூளையைத் தாக்கும், நிற்காத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும், உயிருக்கே ஆபத்து. மையத்தில் கொடுத்த தாளில் அது எழுதித்தான் இருந்தது, ஆனால் தாள் மலாயில், ஐயாவுக்குப் படிக்கத் தெரியாது. உடனே மிஸ்ஸியிடம் சொல்லி டாக்டரிடம் காட்ட வைத்தோம். தோட்டத்து வீட்டுக் கொல்லையில் என்னென்ன மரம் நிற்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது அன்று உதவியது. லோரியை விட்ட பிறகு, நான் வேண்டும் என்று ஒருவர் கூப்பிட்டது அன்றுதான்.

அதிலிருந்து வாரம் ஒரு நாள், மெஷின் இல்லாத நாளில் போகிறேன். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாரம் நிரப்பிக் கொடுப்பது, புது ஆட்களோடு பேசுவது, இவ்வளவுதான். என் தண்ணீர்க் கட்டுப்பாடும் இதனால் சரியானது. அளந்து குடியுங்கள் என்று அடுத்தவருக்குச் சொல்லிவிட்டு நானே எடை கூடிப் போய் நிற்க முடியாதே.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு முறைக்கும் இரண்டு பேர் பெயர் போடுவது. காலையில் முடியவில்லை என்றால் "இன்றைக்கு முடியல" என்று ஒரு மெசேஜ் போதும், காரணம் கேட்க மாட்டார்கள். உடம்பு எப்போது காலை வாரும் என்று தெரியாத எங்களுக்கு அது இல்லாவிட்டால் யாரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டோம்.

குறைகளும் உண்டு. பயிற்சியை ஈப்போவில் ஒரு சனிக்கிழமை வைத்தார்கள், எனக்கும் இன்னும் சிலருக்கும் சனிக்கிழமைதான் மெஷின். போக வர பெட்ரோல் காசும் இல்லை, தோட்டத்திலிருந்து மோட்டாரில் வருகிறவர்களுக்கு அது சின்னக் காசு இல்லை. அதைவிடப் பெரியது, ஒருவருடைய நோய் விவரத்தை ஒரு துணையாள் ஒட்டுக்கடையில் பேசிவிட்டார், அந்த அம்மா ஒரு மாதம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் ரகசியம் காப்போம் என்று எல்லாரிடமும் எழுதி வாங்கினார்கள். முதல் நாளே செய்திருக்க வேண்டும். மருந்து அளவு பற்றி மட்டும் நாங்கள் வாயே திறக்கக் கூடாது என்பது தொடக்கத்திலிருந்தே கண்டிப்பு, அது சரி.

5க்கு 4 கொடுப்பேன். உங்கள் வீட்டில் புதிதாக மெஷினுக்குப் போகிறவர் இருந்தால் பதியும்போதே துணையாள் வேண்டும் என்று கேளுங்கள், அவர்களாகச் சொல்வதில்லை. தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.