தேசாருவா, திரிக்கோராவா, ஜுவாராவா? பெட்டியை எத்தனை தடவை தூக்க வேண்டும் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்

அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் வலி உண்டு. கடற்கரையில் ரெண்டு நாள் சும்மா உட்கார வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. "எதையும் சுத்திக் காட்ட வேண்டாம், என்னை ஒரு நாற்காலியில் உட்கார வெச்சிட்டு நீங்க போங்க" என்பார். சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்கு எத்தனையோ தடவை கூட்டிப் போயிருக்கிறேன். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கின்றன. அம்மா கேட்பது கப்பல் இல்லாத கடல்.

சிங்கப்பூரிலிருந்து விமானம் ஏறாமல் போகக்கூடிய அமைதியான கடற்கரைகள் என்று பார்த்தால், என் கணக்கில் மூன்று தேறும்: மலேசியாவில் ஜோகூரின் தேசாரு, இந்தோனேசியாவில் பிந்தான் தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் திரிக்கோரா, மலேசியாவில் தியோமான் தீவின் ஜுவாரா. மூன்றுக்கும் போய் வந்துவிட்டோம். மணல், தண்ணீர், அறை வாடகை எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தேன். கடைசியில் எனக்கு உதவியது வேறு ஒரு கணக்கு. வீட்டு வாசலிலிருந்து அந்த நாற்காலி வரைக்கும் பெட்டியை எத்தனை தடவை ஏற்றி இறக்குகிறோம்? வயதானவர்களோடு போகும்போது களைப்பு தூரத்தால் வருவதில்லை. ஒவ்வொரு வரிசையிலும் நின்று, ஒவ்வொரு படியிலும் ஏறி, "அம்மா, கடப்பிதழ் கையில் இருக்கா" என்று கேட்டுக் கேட்டுத்தான் வருகிறது.

இந்தக் கணக்கில் தேசாருவை அடிக்க ஆளில்லை. ஆனால் சொந்தக் கார் இருக்க வேண்டும். பெட்டியை எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே ஏற்றினால் விடுதி வாசலில்தான் இறக்குகிறோம். நடுவில் சுங்கத்தில் பின்பக்கம் திறந்து காட்டச் சொல்லலாம், அவ்வளவுதான். சிங்கப்பூர் எல்லையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் இப்போது காருக்குள் உட்கார்ந்தபடியே கியூஆர் குறியீட்டைக் காட்டிவிட்டுப் போகலாம். 2024-இல் அது வந்த பிறகு அம்மாவின் கடப்பிதழைத் தேடிப் பையைக் கலைக்கிற வேலை எங்களுக்குப் பாதி குறைந்தது. சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் கடற்பாலத்தைத் தாண்டியதும் 2011-இல் திறந்த செனாய் - தேசாரு நெடுஞ்சாலையைப் பிடித்தால் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம்தான். நெரிசல் இல்லையென்றால் மொத்தம் ஒன்றரை மணி நேரம். நெரிசல் என்றால் அதைக் கடற்பாலமே தீர்மானிக்கும். வெள்ளி சாயங்காலம் கிளம்புவதும் ஞாயிறு சாயங்காலம் திரும்புவதும் வேண்டவே வேண்டாம். செவ்வாய் காலையில் போய் வியாழன் மதியம் திரும்பிப் பாருங்கள், ஊரே வேறு மாதிரி இருக்கும்.

கார்க்காரர்களுக்கு இரண்டு விஷயம். சிங்கப்பூரைவிட்டு வெளியேறும்போது பெட்ரோல் டாங்கி முக்கால்வாசி நிரம்பியிருக்க வேண்டும். மலேசியாவின் விஇபி, அதாவது வாகன நுழைவு அனுமதி வில்லை காரில் இருக்க வேண்டும். 2025 ஜூலையிலிருந்து அது இல்லாத காருக்கு 300 ரிங்கிட் அபராதம்.

கார் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. 2022-லிருந்து தானா மேரா படகு முனையத்திலிருந்து நேரே தேசாருவுக்குப் படகு விடுகிறார்கள், சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். சாங்கி முனையிலிருந்து ஜோகூரின் பெங்கெராங்குக்குப் போகும் சின்னப் படகும் இருக்கிறது. 12 பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். எனக்கு அந்தப் படகின் மேல் தனிப் பிரியம். ஆனால் படகு ஆடும்போது காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டும், அம்மாவுக்கு ஆகாது.

தேசாரு என்ற பெயரே சவுக்கு மரத்தை வைத்து வந்தது என்கிறார்கள். மலாயில் ரூ என்றால் சவுக்கு. எனக்கு அது அங்கே போன பிறகுதான் தெரியும். அம்மாவுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது. அவர் பிறந்தது நாகப்பட்டினம் பக்கம். மரத்தடியில் நாற்காலியைப் போட்டதும் நிமிர்ந்து பார்த்து, "இந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு" என்றார். காற்று சவுக்குக்குள் புகுந்து வரும்போது ஒரு நீண்ட "ஹோ" வரும். அலைச்சத்தம் நின்ற இடைவெளியிலும் அது நிற்காது. மடியில் விழுந்த ஊசி இலை ஒன்றை எடுத்து, கணுக்கணுவாகப் பிரித்து, திரும்பப் பொருத்தி, "எங்கே பிரிச்சேன், சொல்லு" என்று பேரனிடம் நீட்டினார். அவர் சின்ன வயதில் விளையாடிய விளையாட்டாம். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க அதேதான் நடந்தது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அது தென்சீனக் கடல், அலை முரட்டுத்தனமானது. கரையோரமே குழந்தையை இழுக்கிற நாட்கள் உண்டு. சிவப்புக் கொடி கட்டியிருந்தால் கணுக்காலுக்கு மேல் இறங்க விடாதீர்கள். அப்புறம், பெரிய ரிசார்ட்டுகளும் தண்ணீர் விளையாட்டுப் பூங்காவும் இருக்கிற பகுதி பள்ளி விடுமுறையில் நிரம்பி வழியும். அமைதிதான் வேண்டும் என்றால் தஞ்சோங் பாலாவ் பக்கம் ஒதுங்குங்கள். இன்னும் மீனவக் கிராமமாகவே இருக்கிறது.

திரிக்கோராவுக்கு வருகிறேன். பெட்டிக் கணக்கில் இது தோற்கும். டாக்சியில் ஏற்றி, தானா மேராவில் இறக்கி, ஸ்கேனரில் வைத்து, படகில் ஏற்றி, மறு கரையில் இறக்கி, மறுபடி ஸ்கேனர், அப்புறம் வேன். பிந்தானின் வடக்கே லாகோய் துறைக்குச் சுமார் ஒரு மணி நேரம். பெரும்பாலானவர்கள் அந்த ரிசார்ட் பகுதியிலேயே தங்கிவிடுவார்கள். சுத்தமாக இருக்கும், விலையும் சிங்கப்பூர் விலைக்குப் பக்கத்தில் இருக்கும். திரிக்கோராவுக்கு அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேனில் போக வேண்டும்.

இத்தனை ஏற்றி இறக்கியும் நான் திரிக்கோராவுக்குத் திரும்பிப் போக நினைப்பதற்குக் காரணம் அங்கே இருக்கும் தண்ணீர். கரையோரம் பெரிய பெரிய கருங்கல் பாறைகள். அவற்றுக்கு நடுவே கடல் குளம் மாதிரி கிடக்கும். வற்று நீர் நேரத்தில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிவிடும். முழங்கால் வலிக்காரர்கள் ஈர மணலில் மெல்ல நடக்கலாம், குழந்தைகள் துறவி நண்டு தேடலாம். இரவில் கடலுக்குள் விளக்குகள் தெரியும். அவை கேலோங், அதாவது கடலுக்குள் கழி நட்டுக் கட்டிய மீன்பிடி மேடைகள். விளக்கு வெளிச்சத்துக்கு நெத்திலி கூடும், அடியிலிருந்து வலையைத் தூக்குவார்கள். மறுநாள் காலையில் காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது கருவாட்டு வாசம் வந்தது. சாலையோரத்தில் தட்டிகளின்மேல் அதே நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. காய வைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம் என் அம்மா தமிழில் விலை கேட்டார், அவர் மலாயில் பதில் சொன்னார், இருவரும் சிரித்துக்கொண்டே பேசி முடித்து ஒரு பொட்டலம் வாங்கியும் விட்டார்கள்.

ஒரு நாள் மிச்சமிருந்தால் பிந்தானிலேயே இருக்கும் தஞ்சோங் பினாங் நகருக்குப் போய், அங்கிருந்து சின்னப் படகில் பெஞெங்காட் தீவுக்குப் போங்கள். கால் மணி நேரம்தான். அங்கே மஞ்சள் நிறத்தில் 19-ஆம் நூற்றாண்டுப் பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது. சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து கட்டினார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப்பூச்சு பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு அது பக்கத்து வீட்டுக் கதை மாதிரி இருக்கும்.

நேரத்தில் மட்டும் கவனமாக இருங்கள். பிந்தான் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். திரும்பும் படகின் டிக்கெட்டில் அந்த ஊர் நேரம் போட்டிருக்கும். நான் என் கைக்கடிகாரத்தை மாற்ற மறந்து, அதைப் பார்த்தே எல்லாரையும் அவசரப்படுத்திக் கிளப்பிவிட்டேன். துறையில் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தோம். அந்த ஒரு மணி நேரத்தை அம்மா கடற்கரையில் கழித்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

சாப்பாட்டில் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை, வாழை இலையில் வைத்துச் சுட்ட மீன், இக்கான் பாக்கார், போதும். சைவக்காரர்களுக்குத்தான் எச்சரிக்கை. கங்கோங் கீரை என்று நம்பி வாங்கினால் அதில் பெலாச்சான், அதாவது இறால் விழுது இருக்கும், சம்பாலிலும் இருக்கும். முதலிலேயே கேட்டுவிடுங்கள். சோயாவில் செய்த தெம்பேயும் தௌஹுவும் எங்கும் கிடைக்கும். அம்மாவின் வெள்ளிக்கிழமை விரதத்துக்கு நான் சின்ன ரைஸ் குக்கரும் அரிசியும் எடுத்துப் போனேன். தயிரும் ஊறுகாயும் இருந்தால் முடிந்தது வேலை.

ஜுவாரா மூன்றிலும் அழகு. கடல் ஆமைகள் முட்டையிட வருகிற கரை, பின்னால் காடு, இரவில் வேறு சத்தமே கிடையாது. ஆனால் படகு கிளம்பும் மெர்சிங் ஊர் வரைக்கும் இரண்டரை மணி நேரம் கார், பிறகு சுமார் இரண்டு மணி நேரம் படகு. அந்தப் படகும் கடல் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் கிளம்பும். தியோமானில் தெக்கேக் துறையில் இறங்கினால் மலைமேல் செங்குத்தாக ஏறி இறங்கும் பாதையில் ஜீப்பில் போக வேண்டும். அந்த ஜீப்பில் அம்மா என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. நான்கு இரவு இல்லாமல் போகாதீர்கள். முழங்கால் சரியில்லாதவர்களைக் கூட்டிப் போகாதீர்கள்.

மூன்று இடங்களுமே தென்சீனக் கடலைப் பார்த்து இருப்பவை. நவம்பரிலிருந்து பிப்ரவரி, மார்ச் வரைக்கும் வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும். நம் பிள்ளைகளின் நீண்ட ஆண்டிறுதி விடுமுறை சரியாக அந்தக் காலத்தில்தான் வருகிறது. தியோமானில் அப்போது பாதி விடுதிகளுக்கு மேல் பூட்டிக் கிடக்கும். திரிக்கோராவில் அந்தக் குளத்துத் தண்ணீரை மறந்துவிட வேண்டியதுதான். டிசம்பரில் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் தேசாரு போங்கள். கடலில் இறங்காமல், கரையில் உட்கார்ந்து மழையைப் பார்க்கத் தயாராகப் போங்கள். ஜூன் நல்ல மாதம், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். செப்டம்பரின் ஒரு வார விடுமுறைதான் என் தேர்வு.

கடப்பிதழில் ஆறு மாதம் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். இந்தியக் கடப்பிதழ்க்காரர்கள் இரண்டு நாட்டு விசா விதிகளையும் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி மாறுகின்றன. மலேசிய மின்னியல் வருகை அட்டையை அவர்கள் போவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது தேவையில்லை.

வருகிற செப்டம்பருக்குத் தேசாருவில் மூன்று இரவு பதிவு செய்திருக்கிறேன், செவ்வாயிலிருந்து வெள்ளி காலை வரை. கடலைப் பார்த்த அறைக்குக் கூடுதல் காசு கொடுக்கவில்லை. தரைத்தளத்தில், சவுக்கு மரத்துக்குப் பக்கத்தில், படியே இல்லாத அறையாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.